2029இல் நிற்க நினைக்கும் தங்கைக்கு

கேள்வி: எனக்கு வயது 24. பெரம்பலூருக்குப் பக்கத்துக் கிராமம். பொறியியல் முடித்துவிட்டு எங்கள் ஏரியைத் தூர்வார வைப்பது, நூறு நாள் வேலைக் கூலி பாக்கி, முதியோர் பென்ஷன் மனு என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். 2029 நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க ஆசை. சுயேச்சையாக நில் என்கிறார்கள் நண்பர்கள். ஒரு சின்னக் கட்சி சீட் தருகிறேன் என்கிறது, ஆனால் செலவு முழுக்க என்னுடையதாம். அப்பா இரண்டு ஏக்கர் நிலத்தை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். அம்மாவுக்கு என் கல்யாணக் கவலை. வயது போதுமா? கட்சியா, சுயேச்சையா? எவ்வளவு பணம் வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் நிலம். அதை அடமானம் வைக்க வேண்டாம். இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். வேட்புமனு, செலவுக் கணக்கு வேலைகளில் பல ஆண்டுகளாக வேட்பாளர்களுக்குத் துணையாக இருக்கிறேன். கடன் வாங்கி முதல் தேர்தலில் நின்றவர்கள் இரண்டாவது தேர்தலுக்கு வருவது அரிது. உங்களைப் போன்றவர்கள் இரண்டாவது, மூன்றாவது முறையும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதனால் நான் சொல்லப்போகும் திட்டம் முழுக்க, தோற்றாலும் நீங்கள் களத்தில் மிஞ்சியிருக்க வேண்டும் என்ற கணக்கில் போடப்பட்டது.

வயதில் சிக்கல் இல்லை. மக்களவைக்கு 25 முடிந்திருக்க வேண்டும்; மனு பரிசீலனை நாளன்று அந்த வயது இருந்தால் போதும். 2029இல் நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்பதை மட்டும் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் ஒரு பெயர், பட்டியலில் வேறு இனிஷியல் என்று இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. உங்கள் தொகுதி எது என்று தெரியுமா? பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதி என்ற பெயரைக் கேட்டால் அது உங்கள் மாவட்டம் என்று தோன்றும். அப்படி இல்லை. அதில் உள்ள ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உங்கள் மாவட்டத்தைச் சேர்ந்தது பெரம்பலூர் ஒன்றுதான். லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் நான்கும் திருச்சி மாவட்டம். குளித்தலை காவிரிக்குத் தென்கரையில், கரூர் மாவட்டம். உங்கள் மாவட்டத்தின் இன்னொரு தொகுதியான குன்னம், சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறது. நீங்கள் தூர்வார வைத்த ஏரியைப் பற்றிக் குன்னம் பக்கத்து ஊர்களில் நல்ல பேச்சு இருக்கலாம். அந்த நல்ல பெயரில் ஒரு ஓட்டுகூட உங்களுக்கு விழாது. ஆனால் நீங்கள் ஒருமுறைகூடக் கால் வைக்காத குளித்தலை வாழை விவசாயியும், பச்சமலை அடிவாரத்தில் இருப்பவரும், லால்குடி நெல் விவசாயியும் உங்கள் வாக்காளர்கள். 2024இல் இந்தத் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை 14 லட்சத்துக்கு மேல்.

எல்லை இப்படியே இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். இதே பெரம்பலூர் முன்பு தனித் தொகுதி, அதாவது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆ. ராசா 1996, 1999, 2004 மூன்று தேர்தல்களில் இங்கிருந்துதான் மக்களவைக்குப் போனார். 2008இல் தொகுதி எல்லைகளை மாற்றிய மறுவரையறையில் இது பொதுத் தொகுதியானது. 2009இல் அவர் நீலகிரிக்குப் போக வேண்டியிருந்தது. அடுத்த மறுவரையறை எப்போது நடந்தாலும் உங்கள் ஊர் எந்தத் தொகுதிக்குள் போகும் என்று யாரும் இப்போது உறுதி சொல்ல முடியாது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் அரசியல் சட்டத்தின் 106ஆவது திருத்தம் 2023இல் நிறைவேறியது, அதுவும் மறுவரையறையோடு கட்டப்பட்டிருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குச் சாதகமாக முடியலாம், பாதகமாகவும் முடியலாம். ஆகவே சுவரில் தொகுதிப் பெயர் எழுதும் அவசரம் வேண்டாம். ஊர் ஊராக ஆட்களைச் சேருங்கள். கோடு மாறினாலும் அந்த ஆட்கள் உங்களோடு இருப்பார்கள்.

இனி வெற்றி தோல்விக் கணக்கு. டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 12,500. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் தோற்றவருக்கு அது திரும்பக் கிடைக்கும். 2024இல் உங்கள் தொகுதியில் பதிவானது சுமார் 11 லட்சம் வாக்கு. அப்படியென்றால் டெபாசிட்டைக் காப்பாற்ற மட்டும் 1.8 லட்சத்துக்கு மேல் வேண்டும். அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் சுயேச்சைகள் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. வென்றவர்கள் 7 பேர். பீகாரில் பூர்ணியாவின் பப்பு யாதவ், மகாராஷ்டிராவில் சாங்லியின் விஷால் பாட்டீல், காஷ்மீரில் பாராமுல்லாவின் இன்ஜினியர் ரஷீத் என்று அந்தப் பெயர்களைப் பாருங்கள். ஏற்கெனவே அரசியலில் பல காலம் இருந்தவர், பெரிய அரசியல் குடும்பத்தவர், அந்த மண்ணின் பெரிய அலை ஒன்றைச் சுமந்தவர் என்றுதான் இருப்பார்கள். ‘நல்ல பிள்ளை, படித்த பிள்ளை’ என்பதற்காக மட்டும் வென்ற சுயேச்சையை அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்க மாட்டார்.

2024இல் 25 வயதில் மக்களவைக்குப் போனவர்கள் நான்கு பேர் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். புஷ்பேந்திர சரோஜ், பிரியா சரோஜ், ஷாம்பவி சவுத்ரி, சஞ்சனா ஜாதவ். நால்வரும் கட்சி வேட்பாளர்கள். முதல் மூவரின் தந்தையரும் அரசியலில் பெயர் பெற்றவர்கள். நீங்கள் கவனிக்க வேண்டியவர் நான்காமவர். ராஜஸ்தானின் பரத்பூரில் வென்ற சஞ்சனா ஜாதவ் அதற்கு முன் மாவட்ட ஊராட்சி உறுப்பினர். 2023 சட்டமன்றத் தேர்தலில் கதூமர் தொகுதியில் 409 வாக்கில் தோற்றார். அந்தத் தோல்விதான் அடுத்த ஆண்டு மக்களவை சீட்டுக்கு அவர் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது என் கணிப்பு. 409இல் தோற்றவரிடம் ஓட்டு இருக்கிறது என்று கட்சிக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அதனால் என் கருத்து இது: 2029க்கு முன் வரும் ஊராட்சித் தேர்தல் எதையும் விடாதீர்கள். உள்ளாட்சியில் நிற்க 21 வயது போதும். ஒன்றியக் கவுன்சிலர் வார்டு என்றால் சுமார் 5,000 மக்கள், மாவட்ட ஊராட்சி வார்டு என்றால் சுமார் 50,000. ஒன்றியத்தில் நின்று ஜெயித்தாலும் தோற்றாலும், யார் உங்களுக்காகக் காலை ஐந்து மணிக்குப் பூத்துக்கு வருவார், யார் வாயால் மட்டும் வருவார் என்று தெரிந்துவிடும். நாடாளுமன்றத் தேர்தலில் அதைக் கற்றுக்கொள்ள நேரமே கிடைக்காது.

ஏன் நேரம் கிடைக்காது என்கிறேன் என்றால், 2024இல் தமிழ்நாட்டின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மார்ச் 20 முதல் 27 வரை மனுத் தாக்கல், 28 பரிசீலனை, 30 வாபஸ் வாங்கக் கடைசி நாள், ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. சுயேச்சைக்குச் சின்னம் உறுதியாவது வாபஸ் முடிந்த பிறகுதான். பிரசாரம் ஏப்ரல் 17 மாலையோடு ஓய்ந்தது. புதிதாகக் கிடைத்த ஒரு சின்னத்தை 14 லட்சம் பேருக்குக் காட்ட 18 நாள்! பெரிய கட்சிக்காரருக்குச் சின்னம் தாத்தா காலத்திலிருந்தே மக்கள் மனதில் இருக்கிறது. வாக்கு இயந்திரத்திலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒரு இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 பேருக்குத்தான் இடம். பக்கத்துக் கரூரில் 2024இல் 54 வேட்பாளர்கள் நின்றார்கள், நான்கு இயந்திரங்களை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. உங்கள் பெயர் இரண்டாவது இயந்திரத்தில் வந்தால் ‘ரெண்டாவது மெஷின், மேலேயிருந்து நாலாவது பட்டன்’ என்று ஒவ்வொரு தெருவிலும் சொல்ல ஆள் வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் உங்கள் படமும் இருக்கும். ஆகவே மக்களுக்கு முகம் பழகியிருப்பது முன்பைவிட இப்போது பயன் தரும்.

சின்னக் கட்சியின் அழைப்பை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அங்கீகாரம் பெறாத கட்சி என்றால் உங்களுக்கும் சுயேச்சையைப் போலவே பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். பொதுச் சின்னம், அதாவது கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் ஒரே சின்னம், கிடைக்குமா என்பது அந்தக் கட்சி எத்தனை இடத்தில் நிற்கிறது, நேரத்துக்கு விண்ணப்பித்ததா என்பதைப் பொறுத்தது. அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆறு தொகுதிகளிலும் உங்களுக்கு எத்தனை பூத்தில் ஆள் இருக்கிறது, பெயரும் போன் நம்பரும் தர முடியுமா? பொதுச் சின்னத்துக்கு விண்ணப்பிப்பீர்களா? 2024இல் இந்தப் பகுதியில் என்ன வாக்கு வாங்கினீர்கள்? முதல் கேள்விக்குக் காகிதத்தில் பதில் வராவிட்டால், அவர்களுக்குத் தேவை உங்கள் அப்பாவின் பணம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்சி ஒன்றில் உங்களுக்கு மனம் ஒப்பினால், அதில் சேர்ந்து ஒன்றியப் பொறுப்பிலிருந்து வளர்வதில் எந்தக் குறைவும் இல்லை. கொள்கை ஒத்துவராமல் சீட்டுக்காக மட்டும் சேராதீர்கள். அது ஆறே மாதத்தில் மக்களுக்குத் தெரிந்துவிடும்.

பூத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், வேலையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் தொகுதியில் ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறையாத வாக்குச்சாவடிகள். தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று படிவம் 20 வெளிவரும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் 2024க்கான படிவத்தை எடுத்து, ஆறு தொகுதிக்கும் அச்சிட்டு, ஒரு மாதம் உட்கார்ந்து படியுங்கள். எந்த ஊரில் சிறிய கட்சிகளுக்கும் நோட்டாவுக்கும் வழக்கத்தைவிட அதிகம் விழுந்திருக்கிறது? அங்கே யாருக்கோ மனக்குறை இருக்கிறது. அது என்ன என்று நேரில் போய்க் கேளுங்கள். மேடை வேண்டாம், மைக் செட் வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஊர், வாக்காளர் பட்டியலில் அந்த ஊரின் பாகம் எண், பேசியவர் பெயர், அவர் சொன்ன பிரச்சினை என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்தமுறை போகும்போது அந்தப் பிரச்சினையில் ஒரு சின்ன நகர்வாவது நடந்திருக்க வேண்டும்: ஒரு மனு, ஒரு தகவல் உரிமை விண்ணப்பம், ஒரு அதிகாரியின் பதில். ஓட்டு கேட்காமல் மூன்றாவது முறையும் வந்த பெண்ணை எந்த ஊரும் மறக்காது.

வாக்குப்பதிவு நாளில் பூத் ஏஜென்ட் இல்லாத சாவடியில் உங்களுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. பதிவு தொடங்குவதற்கு முன் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவைப் பார்ப்பது, முடிந்ததும் அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி நகலைக் கையில் வாங்குவது இரண்டும் உங்கள் ஏஜென்ட் இருந்தால்தான் நடக்கும். ஏஜென்டுக்குக் கூலி கொடுத்து ஆள் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பி வரமாட்டார். உங்கள் ஏரி வேலையில் சேறு அள்ளியவர்கள், கூலி பாக்கிக்காக உங்களோடு ஒன்றிய அலுவலக வாசலில் உட்கார்ந்த அக்காமார்கள்தான் உங்கள் ஏஜென்ட்டுகள். அவர்களுக்கு இப்போதிருந்தே வாக்காளர் பட்டியல் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

சரி, டெல்லிக்கு எதற்குப் போகிறீர்கள்? கடிதத்தில் ஏரி இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, கூலி பாக்கி இருக்கிறது. இவற்றில் பெரும்பகுதி ஊராட்சி வேலை, மாநில அரசு வேலை. ‘இதுக்கு எம்.பி. எதுக்கும்மா?’ என்று ஒரு பெரியவர் கேட்டால் பதில் வேண்டும். உங்கள் தொகுதிக்கு அந்தப் பதில் கண்ணெதிரே இருக்கிறது. மாவட்டத் தலைநகரான பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை வேண்டும் என்பது பழைய கோரிக்கை. ரயில்வே முழுக்க மத்திய அரசின் துறை. இந்தப் பாதைக்கு இதுவரை நாடாளுமன்றத்தில் எழுப்பிய கேள்விகள், அமைச்சர் தந்த பதில்கள் எல்லாம் மக்களவை இணையதளத்தில் தேடலாம். தேடி எடுத்து, ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எங்கே முடங்கியது என்று இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதுங்கள். பூஜ்ய நேரம், விதி 377 (இரண்டும் அவையில் தொகுதிப் பிரச்சினையை எழுப்பும் வாய்ப்புகள்), ரயில்வே மானியக் கோரிக்கை விவாதம் என்று ஒரு உறுப்பினருக்கு என்னென்ன வழி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். வெங்காயம் விளைவிக்கும் ஊரில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, மக்காச்சோளம், பருத்தி போடும் ஊரில் இறக்குமதி வரி என்று பேசுங்கள். இவையும் டெல்லியில் முடிவாகின்றவை. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆறு தொகுதிக்குப் பிரித்தால் எவ்வளவு வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உண்மையான எல்லையைச் சொல்லும் வேட்பாளரை மக்கள் நம்புவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பணம். தமிழ்நாட்டில் ஒரு மக்களவை வேட்பாளர் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 2022 முதல் 95 லட்சம். அது உச்சவரம்புதான், அவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் கையில் ஒன்றுமே இல்லாமலும் முடியாது. 1,500 பூத்துக்கு ஆளுக்கு 300 ரூபாய் சாப்பாடு, டீ, பயணம் என்று வைத்தாலே நாலரை லட்சம். நோட்டீஸ், வண்டி, டீசல், ஒலிபெருக்கி எல்லாம் தனி. இதை நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று தெரிந்தவர்களிடம் வெளிப்படையாகத் திரட்டுங்கள். எவ்வளவு வந்தது என்று மாதாமாதம் சொல்லுங்கள். திரளாவிட்டால் அதுவே உங்களுக்கு ஒரு பதில். ஓட்டுக்குக் காசு கொடுக்கும் பேச்சை உங்கள் குழுவில் யார் எடுத்தாலும் அன்றே வெளியே அனுப்புங்கள். அது குற்றம், தேர்தலையே கவிழ்க்கும். 2019இல் பணம் பிடிபட்டதால் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாகி, பிறகு ஆகஸ்டில் நடந்தது.

மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். ஒருவரிடம் ரொக்கமாக 10,000க்கு மேல் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். நாற்காலி, பந்தல், டீ வரைக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போடும். நண்பர் இலவசமாகத் தந்த வண்டியும் அந்த விலையில் உங்கள் கணக்கில் ஏறும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்ற சோகத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சரியான காரணம் இல்லாமல் விட்டால் மூன்று ஆண்டு வரை தேர்தலில் நிற்கத் தடை வரும். உங்கள் வயதில் அந்த மூன்று ஆண்டு, தோல்வியைவிடப் பெரிய நஷ்டம். கணக்கு எழுத ஒரே ஒருவரை நியமியுங்கள், அவருக்கு வேறு வேலை தராதீர்கள்.

மனு நிராகரிப்பு நடப்பது சின்னச் சின்ன இடங்களில். முன்மொழியும் பத்துப் பேரும் பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். பக்கத்து ஊர் மாமா என்று குன்னம் தொகுதிக்காரர் ஒருவர் கையெழுத்திட்டால் பத்து ஒன்பதாகிவிடும், மனு போய்விடும். ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை தரலாம், டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும். வேறு வேறு முன்மொழிபவர்களோடு குறைந்தது இரண்டு மனு கொடுங்கள். சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். உங்கள் போராட்டங்களில் வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். வழக்கு இருப்பதே தடையாகாது, மறைத்தால்தான் சிக்கல். பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள், அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியை எடுத்தாக வேண்டும். மனுவைக் கடைசி நாள் மூன்று மணிக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள், முதல் இரண்டு நாளில் கொடுத்தால் பிழை இருந்தாலும் திருத்த வாய்ப்புண்டு.

அம்மாவின் கவலையை ஒதுக்கிவிடாதீர்கள். தேர்தலில் நிற்கும் இளம் பெண்ணைப் பற்றி அசிங்கமாகப் பேசுவார்கள், படத்தை வெட்டி ஒட்டுவார்கள். முதலில் அது அம்மாவின் போனுக்குத்தான் வரும். அது வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, வந்தால் யாரிடம் புகார் கொடுப்பது, வீட்டில் யார் பேசுவது என்று முடிவு செய்து வைத்திருங்கள். அம்மாவை ஒருநாள் உங்களோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பென்ஷன் கிடைத்த பாட்டி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவதை அவர் பார்க்கட்டும். கல்யாணம் உங்கள் விருப்பம். வரன் பேசும்போது 2029ஐப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, முடிவெடுக்க ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்: 2028 அக்டோபர் மாதக் கடைசி. அன்று உங்கள் நோட்டைத் திறந்து, பெயரும் போன் நம்பரும் உள்ள பூத் ஆட்களை எண்ணுங்கள். ஆறு தொகுதியிலும் பரவி ஐந்நூறு பூத்துக்கு ஆள் இருந்தால், கட்சியோ சுயேச்சையோ, நில்லுங்கள். மனு தயாரிக்க நான் கூட இருக்கிறேன். முன்னூறுதான், அதுவும் பெரம்பலூரைச் சுற்றியே இருக்கிறது என்றால், 2029இல் நிற்காமல், உங்களுக்கு மனம் ஒப்பும் ஒரு நல்ல வேட்பாளருக்கு அந்த முன்னூறு பூத்தையும் நடத்திக் கொடுங்கள். அந்தப் பகுதியில் அடுத்த சீட்டைப் பற்றிப் பேசும்போது முதலில் அழைக்கப்படுவது நீங்களாகத்தான் இருக்கும்.

இந்த மாதத்துக்கான வேலை: உங்களை முன்மொழியக்கூடிய இருபது பேரின் வாக்காளர் அட்டையை வாங்கி, அவர்கள் எந்தச் சட்டமன்றத் தொகுதி, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்று எழுதுங்கள். இருபதில் எத்தனை பேர் குன்னம் தொகுதி என்று எனக்கு எழுதுங்கள்.